அழுத்திச் சொன்ன சொல்

"உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. ஆர் உங்களுக்கு விடையளைச் சொல்லித் தந்தது?"

சிறிதேவி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லைப் பிள்ளை. காதிலை கேட்டதைத்தான் அமத்தினனான்."

"பகிடி விடாதேங்கோ. ஐம்பது வசனத்திலை நாப்பத்தெட்டுச் சரி!"

மகள் ஹம்சத்வனியின் கோபத்திலும் நியாயம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் ஆய்வு செய்கிறாள். ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு வசனத்தில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறார் என்பது, வேறு மொழிக்காரரின் காதுக்குப் பிடிபடுமா? கேட்டுவிட்டுத் திரையில் அந்தச் சொல்லைத் தொட்டு அமத்த வேண்டும், அவ்வளவுதான். 'எங்கட ஆக்களுக்குப் பிடிபடாது' என்று பாதி ஆய்வை எழுதியும் முடித்துவிட்டாள்.

ஆய்வுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஏழு மாத வயிற்றோடு எங்கே போய்த் தேடுவது? நோர்வேயில் எல்லிங்ஸ்ருட் பகுதி வீட்டில் தன்னோடு இருக்கிற அம்மாவையே பிடித்து இருத்தினாள்.

அம்மாவுக்கு நோர்வே மொழி நன்றாக வரும். முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவர். ஆங்கிலம் மட்டும் 'தாங்க் யூ'வோடு சரி.

"இங்கிலீஸ் படிப்பிக்கிற ஆக்களே முப்பதைத் தாண்டேல்லை. பிள்ளைக்கு உதவிறன் எண்டு கள்ளம் செய்யிறதோ? இதைச் சேர்த்தா எனக்குத்தான் அவமானம்."

சொன்னதோடு நிற்காமல் அம்மாவின் விடைகள் முழுவதையும் அழித்தும்விட்டாள்.

சிறிதேவி குசினிக்குப் போய், தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கள்ளம் இல்லைப் பிள்ளை. பழக்கம்."

"எங்கை பழகினீங்கள்?"

"இந்த வீட்டிலைதான். மருமோன் லண்டனிலை வளந்தவர், அவருக்குத் தமிழ் ஓடாது. நீங்கள் ரெண்டுபேரும் இங்கிலீசிலைதானே கதைப்பியள். எனக்கு முழுக்க விளங்காது. அழுத்திற சொல்லை மட்டும் பிடிச்சு வைச்சிருப்பன். மிச்சத்தை உங்கடை முகத்திலை பாப்பன்."

அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று தானும் கணவன் லதீசனும் கதைத்ததெல்லாம் ஹம்சத்வனிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"என்ன... என்ன விளங்கினது அம்மா?"

"முதல்லை 'பேபி' எண்டதை அழுத்திக் கதைச்சியள். எனக்கும் சந்தோசமா இருந்தது. பிறகு 'றூம்' எண்டதை அழுத்தினியள். இப்ப ரெண்டு கிழமையா மருமோன் என்னைப் பாத்திட்டு 'வென், வென்' எண்டு, எப்ப எப்ப எண்டுதான் உன்னட்டைக் கேக்கிறார். நீ மறுமொழி சொல்லாமல் தலையைக் குனியிறாய்."

"அம்மா..."

அதற்கு மேல் அவளுக்கு எந்த மொழியும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அம்மா கள்ளம் செய்தார் என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிறிதேவி மகளின் தலையைத் தடவினார்.

"அழாதை, வயித்திலை பிள்ளை இருக்கு. இஞ்சை கிட்டடியிலை, ஹவுகன்ஸ்டுவாவிலை ஒரு சின்ன வீடு பாத்திட்டன். வாற மாசம் போயிடுவன். 'போங்கோ' எண்டு உன்ரை வாயாலை சொல்ல வைக்கக் கூடாது எண்டுதான் பிள்ளை, அவசரப்பட்டனான்."