பெட்டி மாறவில்லை

ஒரு பட்டறையில் மில்லிங் மெஷினை ஓட்டிய கண்ட்ரோல் பெட்டிக்குத் தலைகால் புரியாத பெருமை. "இருபது வருஷமா நான் இம்மிகூட மாறல. என் மூடிய ஒருத்தரும் தொறந்ததில்ல" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த டிரில்லிங் மெஷினிடம் தினமும் சொல்லும்.

ஒருநாள் மோட்டார் எரிந்துபோனது. புதிதாக வந்த மோட்டாரின் சிக்னல் பெட்டிக்குப் புரியவில்லை. "நான் ஏன் மாறணும்? மோட்டார் மாறட்டும்" என்று அடம்பிடித்தது. பத்து நாளாக மெஷின் அசையவில்லை. எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று பட்டறைக்காரர் தேவசகாயம் யோசித்தார்.

கடைசியில் அவர் பெட்டியின் வேலையைச் செய்ய, உள்ளங்கை அகல எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் பதித்த கார்டு ஒன்றை வாங்கி வந்தார். கரண்ட் கொடுத்ததும் கார்டு கேட்டது: "இன்னைக்கு நான் என்னவா இருக்கணும்?"

பெட்டி சிரித்தது. "நீ யாருன்னே உனக்குத் தெரியாதா?"

"கரண்ட் போனா எல்லாம் மறந்துடும் அண்ணே. ஃபைல ஏத்துனா, அதுல சொன்ன மாதிரி உள்ளுக்குள்ள என்னை மாத்திக்குவேன்."

யாரோ எழுதி இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த ஃபைலை தேவசகாயம் ஏற்றினார். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினார், சரியாகச் சுற்றியது. கார்டில் இரும்புத்தூள் விழக்கூடாதே என்று பெட்டியைத் திறந்து, பழைய குடலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, கார்டை உள்ளே வைத்து மூடினார்.

மறுநாள் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு டிரில்லிங் மெஷின் விசாரித்தது: "என்னண்ணே, தேறிட்டீங்களா?"

"பின்னே? கடைசியில மோட்டார்தான் வழிக்கு வந்துச்சு" என்றது பெட்டி. "நான் இம்மிகூட மாறல."