நாற்பதாவது கைநாட்டு

குடியை விட்ட தகப்பன்மார் நாற்பது பேராவது இருந்தால்தான் தாராவிப் பள்ளியின் மாலை வகுப்புக்கு உதவி தொடரும் என்று 1962இல் மிஷனிலிருந்து கடிதம் வந்தது. குடியை விட்டவர்கள் கைநாட்டு வைக்கும் பதிவேட்டில் சனிக்கிழமை முப்பத்தொன்பதுதான் இருந்தன. திங்கள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்த லூசியம்மாள் டீச்சர் எண்ணியபோது நாற்பது. கடைசிக் கைநாட்டின் குறுக்கே வெட்டுத் தழும்பு தெரிந்தது. மை இன்னும் காயவில்லை.

பள்ளியைக் கூட்டும் சொர்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். “எம் வீட்டுக்காரரு பெருவெரலுல்லா இது! தோல் கிடங்குல கத்தி பட்ட தழும்பு.”

“அவரு சாராயத்துல போயி வருசம் ஒண்ணாச்சேம்மா?”

“மக படிப்புக்காவ வந்திருக்காரு. செத்தாவது விட்டாரே, புண்ணியவான்!”

படிவத்திலிருந்த கேள்வியை டீச்சர் கேட்டாள். “இந்த மாசம் குடிக்கலையே?”

“இல்ல டீச்சர்.”

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, நாற்பது என்று எழுதினாள். வகுப்பு பிழைத்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் சொர்ணம்மாள் மைப்பெட்டியைத் திறந்து, பக்கத்தில் கை துடைக்கத் துணியும் வைத்துப் போவாள். திங்களன்று துணியில் மை இருக்கும்.