வீபே பிரிக்காத சாரம்

மாரிட் எழுதிய மென்பொருள் பேக்கேஜை, சரிபார்க்கும் வீபே மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இன்னும் என்ன குறை கண்டீங்க?"

"'இதெல்லாம் கூடவே வேணும்'கிற பட்டியல்ல கம்பைலர் பேர் ஒட்டிக்கிட்டிருக்கு. மென்பொருளைக் கட்டும்போது அது வேணும், சரி. கட்டி முடிச்சாச்சுல்ல? பேரை அழிம்மா. இல்லேன்னா உன் துக்குணூண்டு பேக்கேஜை இறக்குறவன் தலையில அந்த மலையும் சேர்ந்து இறங்கும். வீடு கட்டினா சாரத்தைப் பிரிக்க வேணாமா?"

உத்ரெக்ட் நகரத்து இலவச மென்பொருள் தன்னார்வலர் கூட்டமே சிரித்தது. வீபேயின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அங்கிருந்து ஒரு பேக்கேஜும் வெளியே போனதில்லை.

மாரிட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு அவர்களுடைய மென்பொருள் தொகுப்பின் புதுப் பதிப்பு வெளியாகிறது. அவளுடைய முதல் பேக்கேஜ் அதில் ஏறியே ஆகவேண்டும். எல்லாருக்கும் சட்டம் பேசுகிறவர் சொந்த வீட்டை எப்படி வைத்திருக்கிறார், பார்த்துவிடலாமே என்று வீபேயின் பேக்கேஜைத் திறந்தாள்.

அட, மாட்டிக்கொண்டாரே!

"வீபே, உங்க பேக்கேஜ் பட்டியல்ல நம்ம ஹார்ம் கிழவர் எழுதின பழைய மென்பொருள் கருவி பேர் இருக்கே! அதுக்கு இப்ப அங்கே ஒரு வேலையும் இல்லையே? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா?"

வீபேயின் காது சிவந்துவிட்டது. ஆப்பிள் கேக் வைத்திருந்த மூலைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார்.

"மெதுவா பேசித் தொலை. எனக்குத் தெரியாதா? யாருக்கும் வேண்டாத கருவியைத் தூக்கிடுறதுதான் நம்ம வழக்கம். என் பேக்கேஜ் அதை வேணும்னு கேக்குறதாலதான் அது இன்னும் தொகுப்புல இருக்கு."

"அதுக்கு?"

"பாவம், ஹார்ம். வேலையிலிருந்து ஓய்வு பெத்தப்புறம் அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

மாரிட்டுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இந்த மனுஷனையா கல்நெஞ்சன் என்று மனசுக்குள் திட்டினோம்! போய்த் தன் பேக்கேஜிலிருந்து கம்பைலர் பேரை அழித்தாள். வீபே ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

முதல் பேக்கேஜ் ஏறிவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் ஹார்முக்கும் ஒரு காபி எடுத்துப்போனாள். கிழவர் ஜன்னலோரம் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்து தன்னுடைய அதே கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இதுல ரொம்ப ஆசை போலிருக்கு, ஹார்ம்?"

"ஆசையாவது மண்ணாவது! ஆசைப்பட்டு வாங்கின பாய்மரப் படகு தண்ணியையே பார்க்காம கிடக்கு. வீட்டுக்காரி தினமும் என்னை வறுத்தெடுக்குறா."

"அப்ப இதைக் கைகழுவிட்டுப் போகவேண்டியதுதானே?"

ஹார்ம் எட்டிப் பார்த்தார். வீபே தூரத்தில் வேறு யாரையோ கடிந்துகொண்டிருந்தார்.

"போயிடுவேன்மா. ஆனா அந்த வீபே பய இன்னும் இதையே நம்பிக்கிட்டிருக்கானே! நான் விட்டுட்டுப் போனா, பாவம், அவன் என்ன பண்ணுவான்?"