பேரம் பேசாத பார்ட்டி

"என்ன மான்சூ அண்ணே, டப்பாவுல இன்னிக்கும் வெறும் சோறும் கிம்ச்சி ஊறுகாயும்தானா? அண்ணி ரொம்பத்தான் சிக்கனம்!"

கம்ப்யூட்டர் கேம் கடை முதலாளி தோக்பே சீண்டினான். மான்சூ சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்.

சோற்றுக்கு அடியில் ஒரு பொரித்த முட்டை ஒளிந்திருக்கும். மேலே வைத்தால் பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள் பிடுங்கித் தின்றுவிடுவார்கள் என்று, கல்யாணமான புதிதில் மனைவி ஹேரான் ஆரம்பித்த வழக்கம் அது. இருபத்தாறு வருடமாகப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

பட்டறைதான் இப்போது இல்லை. கொரியாவின் உல்சான் துறைமுகத்தை ஒட்டி, கப்பலுக்குக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல டப்பாவோடு கிளம்பி, இந்தக் கடையில் பதினேழாம் நம்பர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பொழுதுபோக்காக ஆடிய அதே ஆட்டம், அதே வீரன். இப்போது அதுவே பிழைப்பு. நாள் முழுக்கக் குகைக்குள் பூதங்களைக் கொன்று, அதுகள் போட்டுவிட்டுப் போகிற வாளையும் கவசத்தையும் மற்ற ஆட்டக்காரர்களுக்கு நிஜக் காசுக்கு விற்பார். மாதம் இருபத்தைந்தாம் தேதி ஆனால் 'சம்பளம்' டாண் என்று வீட்டுக்குப் போய்விடும்.

நாளைக்குத் தேதி இருபத்தைந்து.

"அண்ணிக்கு இன்னுமா சந்தேகம் வரல?" என்றான் தோக்பே.

"எங்கேர்ந்து வரும்? இப்பல்லாம் எட்டு மணிக்கே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறா."

"கொடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க. வாங்கறதுக்கும் சரியான ஏமாளி ஒருத்தன் மாட்டியிருக்கான்!"

அந்த ஏமாளி ஆட்டத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் பனித்துளி. ஊர் பேர் தெரியாது. நடுவில் இருக்கும் விற்பனைத் தளம் அதையெல்லாம் சொல்லாது. வாரம் ஒரு பொருள், ஐந்து லட்சம் வோன், அதாவது ஒரு பட்டறை ஆளின் ஒரு வாரச் சம்பளம். பேரம் என்ற பேச்சே கிடையாது. பணம் முதலில் வந்து விழும். அப்புறம் ஆட்டத்துக்குள் ஊர்க்கிணற்றடியில் வந்து நின்று பொருளை வாங்கிக்கொள்ளும். வாங்கியதில் ஒன்றையாவது போட்டுக்கொண்டதுண்டா? கிடையாது. முதல் நாள் ஆட்டத்தில் இலவசமாகக் கொடுத்த பருத்திச் சட்டையோடுதான் இன்றைக்கும் நிற்கிறது.

"எவனோ பெரிய வீட்டுப் பையன்டா. அப்பன் காசு" என்றார் மான்சூ. "சுசோக் பண்டிகைக்கு முன்னாடி ஆறு லட்சமா ஏத்திப் பார்த்தேன். பய மூச்சு விடலியே! அந்தக் காசுலதான் ஹேரானுக்குக் கோட்டு எடுத்தேன், போனஸ்னு சொல்லி."

"அப்ப இன்னிக்கு ஏழா ஏத்துங்க!"

"ஏத்திட்டோம்ல!" என்று கண்ணடித்தார்.

திரையில் கிணற்றடிக்குப் பனித்துளி வந்து நின்றது. ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி அடிப்பது அதன் வழக்கம்.

'இன்னிக்கு வாங்க முடியாது. மன்னிச்சுக்குங்க.'

நாளைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குள் எப்படி நுழைவது? மான்சூ மளமளவென்று அடித்தார்.

'விலை ஜாஸ்தியா? ஆறுக்கே தர்றேன். சரி, அஞ்சு. பழைய விலை!'

'விலைக்காக இல்ல. நான் வேலை பார்த்த காலுறை கம்பெனியை நேத்து மூடிட்டாங்க.'

"என்னது, கம்பெனியில வேலையா?" தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தோக்பே வாயைப் பிளந்தான். "அப்ப பணக்காரப் பையன் இல்லியா?"

மான்சூவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைப் போல உழைத்துச் சாப்பிடுகிற ஒரு ஜீவனின் ரத்தத்தையா இத்தனை மாதம் உறிஞ்சினோம்? அதிலும் விலையை ஏற்றி! ஹேரானின் புதுக் கோட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சீ என்றிருந்தது அவருக்கு.

'மாசம் இருபத்துநாலு லட்சம் கொடுத்தீங்களே. மொத்தச் சம்பளமுமா?'

'ஆமா. கிட்டத்தட்ட.'

'உங்களுக்கென்ன பைத்தியமா? ஒண்ணைக்கூடப் போட்டுக்கலியே! பின்ன எதுக்குத்தான் வாங்கினீங்க?'

பருத்திச் சட்டை போட்ட அந்தச் சின்ன உருவம் கிணற்றடியில் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. எட்டு மாதமாகக் கட்டின பெண்டாட்டியிடம் சொல்லத் துணியாததை, முகம் தெரியாத அந்த ஆளிடம் கொட்டிவிட்டார்.

'நானும் வேலை போனவன்தாங்க. வீட்டுல தெரியாது. உங்க காசைத்தான் என் சம்பளம்னு சொல்லி அவ கையில கொடுத்துக்கிட்டிருந்தேன். தெரியாம செஞ்சுட்டேன், என்னை மன்னிச்சுடுங்க.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

'மணி பன்னெண்டரை ஆச்சு, முதல்ல சாப்பிடுங்க. நாளையிலேர்ந்து முட்டையைச் சோத்துக்கு மேலயே வைக்கிறேன், அங்கதான் பிடுங்கித் தின்ன ஆள் யாரும் இல்லியே!'