பனிக்கு ஒத்திகை

ஆகஸ்ட் மாதத்து துபாய் வெயில் மீன் கிடங்கின் தகரக் கூரைமேல் காய்கிறது. கீழே, உறைகுளிர் அறையின் முன்னால், முதலாளி செய்கு முகம்மது தடித்த பனிக்கோட்டும் கையுறையும் குல்லாயுமாக நிற்கிறார். பக்கத்தில் மஞ்சள் கோட்டுக்குள் புதைந்து மகள் ஷிரின். டிசம்பரில் பனிச்சறுக்கு விளையாட, அமெரிக்காவில் வெள்ளிச் சுரங்கம் இருந்த பழைய மலையூர் ஒன்றை அவர் மனைவி நஸீரா பார்த்து வைத்திருக்கிறாள். அவள் கையில் விரிந்திருக்கும் வண்ணப் புத்தகத்தில் செங்கல் கட்டடங்களின் மேல் பனி தடிமனாகக் கிடக்கிறது. "பத்து நிமிசம் உள்ள நிப்போம். புள்ள தாங்குனா அமெரிக்கா, தாங்கலன்னா லண்டன்" என்கிறார் முதலாளி. கிடங்கில் பெட்டி தூக்கும் பாலகுரு கனத்த கதவைத் திறந்து அப்பாவையும் மகளையும் உள்ளே விட்டு மூடுகிறான். அவனுடைய கோட்டின் முழங்கைக் கிழிசலில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. அவன் மீன்பெட்டியோடு நுழையும்போதெல்லாம் "கூலிங் போவுது, கதவ மூடு" என்று வெளியே மேசையிலிருந்து கத்துகிற முதலாளி, அவனுக்குத் தெரிந்து இன்றைக்குத்தான் உள்ளே போயிருக்கிறார். கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருந்து கதவு தட்டப்படுகிறது. குழந்தைக்குத்தான் முடியவில்லை என்று பதறித் திறக்கிறான். வெண்புகை தரையில் உருண்டு வர, நடுவில் முதலாளி. மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படர்கிறது, பற்கள் தந்தியடிக்கின்றன. "லண்டனே போதும்" என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். நஸீரா புத்தகத்தை மூடவில்லை. உள்ளே ஷிரின் இறால் பெட்டிமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கிறாள். "வாப்பா, கூலிங் போவுது" என்கிறாள். "கதவ மூடுங்க."