ஃபீட் ரீடரில் வராத செய்தி

இந்தக் காலத்தில் ஆள் எதிரே நின்றாலும் எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தபடியே தச்சுவேலைப் பெரியவர் பள்ளி நூலக அலமாரிகளை அளந்தார்.

"இது ஃபீட் ரீடர், பெரியவரே," என்றாள் நூலகர். "எந்தப் பள்ளிக்கூட நூலகர் வலைப்பதிவு எழுதினாலும் தானா இதுல வந்து விழுந்துடும். எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

"இன்னைக்கு என்னம்மா விழுந்துச்சு?"

"ஒரு நூலகரம்மா எழுதியிருக்காங்க. முதல்ல நூலக வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தாங்களாம். அப்புறம் புதுப் புத்தகம் நின்னுபோச்சாம். இங்கேயும் அப்படித்தான், ஆனா அங்க நூலகத்தையே மூடிட்டாங்க. பாவம், கடைசி வரைக்கும் சுதாரிக்கவே இல்ல."

பெரியவர் டேப்பைச் சுருட்டினார்.

"நம்ம தாளாளர் தங்கமானவர். புது அலமாரிக்கு அளவெடுக்க உங்களை அனுப்பியிருக்காரே!"

"புது அலமாரின்னு யாரும்மா சொன்னது? இதையெல்லாம் கழட்டி ஏத்தத்தான் வண்டியோட வந்திருக்கேன். வாசல்ல நுழையுமான்னு அளந்தேன். நாளையிலிருந்து இந்த ரூம் அவரோட ஆபீஸ்."

அவள் முகம் வெளிறியது. பதறிப்போய்த் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு நிம்மதியாகச் சிரித்தாள்.

"சும்மா பயமுறுத்தாதீங்க. இதுல அப்படி ஒண்ணும் வரலையே!"

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட வெளியே நடந்தார்.