சிவப்பு விளக்கு வீடு

பார்வையில்லாத பூரணிக்காகச் சமையலறைப் பெட்டியில் புதிய விழித்திரை வளர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் அதற்கு ஊட்டும் திரவம் நஞ்சாகிவிடும். அதனால் மாதக்கணக்கில் ஜன்னல்களை அடைத்து, சிவப்பு விளக்கு மட்டுமே எரித்தார்கள். மனைவி பார்க்கப்போகும் வீடாயிற்றே என்று, பரணில் கிடந்த டின்னில் வெள்ளையாய்த் தெரிந்த பெயிண்டை எடுத்து அந்த வெளிச்சத்திலேயே சுவரெல்லாம் அடித்துவைத்தான் தவசிமுத்து.

அறுவை சிகிச்சை முடிந்து, பார்வையோடு வீடு திரும்பினாள் பூரணி. அவன் பெருமையாக ஜன்னல்களைத் திறந்தான். சுவர்கள் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. சிவப்பு விளக்கில் சிவப்பே வெள்ளையாய்த் தெரிந்து ஏமாற்றியிருக்கிறது.

"வெள்ளைன்னு நெனச்சுட்டேன். நாளைக்கே மாத்திருதேன்," என்றான், முகம் செத்துப்போய்.

பூரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கை வச்சீங்கன்னா தெரியும் சேதி," என்றவள், சுவரைத் தடவாமலே அடுத்த அறைக்கு ஓடினாள்.